அம்மா பெயரில் ஓர் அட்டை

1

டிசம்பர் பிறந்துவிட்டால் இந்த நாட்டில் எல்லோரும் மருத்துவக் காப்பீட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வருஷக் கடைசிக்குள் காப்பீட்டுக் கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம் என்பது ஹாலந்துச் சட்டம். ரயில் நிலையச் சுவரிலும் பேருந்தின் முதுகிலும் சிரித்த முகமுள்ள குடும்பங்களின் படங்கள். காப்பீடு இல்லாமல் இங்கே ஒருவர் இருக்கவே கூடாது. நான் வந்து இறங்கிய மூன்றாவது வாரம் எனக்கும் ஓர் அட்டை தபாலில் வந்துவிட்டது. அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரி மார்லீன், மத்தியானம் ரொட்டியைக் கடித்துக்கொண்டே, தன்னுடைய காப்பீடு இந்த வருஷம் மூக்குக் கண்ணாடிக்குப் பாதிதான் தருகிறது என்று அரை மணி நேரம் வருத்தப்பட்டாள். நானும் உச்சுக்கொட்டினேன்.

என்னை இங்கே அனுப்பியது சென்னையில் இருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனம். ஊரில் இருக்கும் நம் பெற்றோருக்கு அவர்களும் காப்பீடு போடுவார்கள். பாதிப் பணம் அவர்களுடையது, மீதியை நம் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதே வாரம் அவர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பெயர்களைச் சரிபார்த்து உறுதி செய்யச் சொல்லியிருந்தார்கள். கீழே இரண்டு பெயர்கள். தந்தை குருசாமி. தாய் மாரித்தாய்.

அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. நான் இந்த வேலையில் சேர்ந்தபோதே அவள் இல்லை.

அந்த மின்னஞ்சல் வந்த அன்று சாயங்காலம் மதுரையிலிருந்து போன் வந்தது. பெரியம்மா மகன் முருகேசன். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் சீசனுக்கு மட்டும் வேலை பார்க்கிறவன்.

“செல்விக்கா, அம்மாவ இங்கன பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்திருக்கேன். மூச்சு வாங்குது மூச்சு வாங்குதுன்னுச்சுல்ல, நெஞ்சுல வால்வு சுருங்கிப்போச்சாம். மாத்தணும்னு சொல்றாக. ரெண்டு லட்சத்துக்குக் கிட்ட ஆகுமாம்.”

“சொல்லுடா” என்றேன்.

“ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாத. சித்தி பேருல ஒரு கார்டு வச்சிருக்கீல்ல, அதுல போட்டோ கிடையாதாமே. கவுண்டர்ல விசாரிச்சேன். உங்க கம்பெனி கார்ட இங்க எடுத்துக்கிடுவாகளாம். சித்திக்கும் எங்கம்மாவுக்கும் ரெண்டு வயசுதானக்கா வித்தியாசம்?”

என்னிடம் பணம் இல்லை என்று சொல்ல முடியாது. ஏழு மாதமாக இங்கே ஒரு கோட்டையும் ஒரு ஜோடி பூட்ஸையும் தவிர எதுவும் வாங்காமல் சேர்த்து வைத்திருந்தேன். அம்மாவின் வைத்தியத்துக்காக விற்ற எங்கள் வீட்டைத் திரும்ப வாங்குவதற்கான பணம் அது. வாங்கிய வியாபாரி, விற்ற விலைக்கு வட்டி மட்டும் போட்டுத் தந்தால் தை பிறந்ததும் எழுதிக் கொடுப்பதாக அய்யாவிடம், அதாவது என் அப்பாவிடம், சொல்லியிருந்தார். அய்யா விருதுநகரில் ஒரு வத்தல் கிட்டங்கியில், மிளகாய் வற்றல் சேர்த்து வைக்கும் கிடங்கில், மூட்டை தூக்குகிறவர். இப்போது கிட்டங்கிக்குப் பின்னால் ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பேசும்போதெல்லாம், “தைக்கு இன்னும் எத்தன வாரம் இருக்கு?” என்பார்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் போதும். பெரியம்மாவுக்கு வால்வு, அய்யாவுக்கு வீடு.

2

இந்த ஊரில் என் பெயர் திருமதி குருசாமி. கல்யாணம் ஆகாதவளை ஏன் திருமதி என்கிறீர்கள் என்று கேட்டதற்கு, வயது வந்த பெண்ணை அப்படிச் சொல்வதுதான் மரியாதை என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் குருசாமி என்பது என் பெயர் இல்லை, என் அய்யா பெயர் என்பதை நகராட்சி அலுவலகத்தில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. பாஸ்போர்ட்டில் கடைசியாக என்ன இருக்கிறதோ அதுதான் குடும்பப் பெயர். போன மாதம் காய்ச்சலுக்காக மருத்துவரிடம் போனேன். அவர் கதவைத் திறந்து, “குருசாமி?” என்று கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. அய்யா எங்கே இங்கே வந்தார் என்று ஒரு நொடி வாசலைப் பார்த்தேன். அப்புறம்தான் கூப்பிட்டது என்னை என்று உறைத்தது.

இது பெரிய விஷயமில்லை. எங்கள் அம்மா பதினாறு வருஷம் இன்னொருத்தி பெயருக்குத் திரும்பிப் பார்த்தவள்.

பெரியம்மா பேச்சியம்மாள் அம்மாவுக்கு மூத்தவள். கல்யாணத்துக்கு முன்னாலேயே சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பேரேட்டில் பெயர் ஏறியவள். பேரேட்டில் பெயர் இருந்தால் தீபாவளிக்கு போனஸ் உண்டு, பி.எப். பிடிப்பார்கள், உடம்புக்கு முடியவில்லை என்றால் தொழிலாளர் காப்பீட்டுக் கார்டைக் காட்டி இலவசமாகப் பார்க்கும் கார்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பேரேட்டில் இல்லாதவர்களுக்கு அன்றன்றைய கூலி மட்டும். புதிதாகப் பெயர் ஏற்றுவது அப்போதே அபூர்வம். முருகேசன் பிறந்ததும் பெரியம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, நாள் முழுக்கக் குத்தவைத்துப் பட்டாசுச் சரம் பின்ன முடியவில்லை. அந்த இடத்தை விட மனசில்லாமல் தங்கச்சியைக் கொண்டுபோய் உட்கார வைத்தாள். எங்கள் பக்கத்தில் இதைத் தப்பென்று யாரும் நினைத்ததில்லை. அக்கா நம்பருக்குத் தங்கச்சி போவாள், மாமியார் நம்பருக்கு மருமகள் போவாள். போர்மேனுக்கும் தெரியும்.

அப்படித்தான் மாரித்தாய் காலை ஏழு மணி வேனில் ஏறினால் பேச்சி, சாயங்காலம் இறங்கினால் மாரி. “ஏ பேச்சி, உன் சரம் ஏன் தொளதொளன்னு இருக்கு?” என்று அங்கே கேட்பார்களாம். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்து பிறந்ததால் வைத்த பெயர் அம்மாவுடையது. அதை வீட்டில் வைத்துவிட்டுப் போவாள்.

பெரியம்மாவுக்கு வாய் ஜாஸ்தி. அம்மா ஒருநாள் காய்ச்சலாகக் கிடந்தபோது வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஏ மாரி, காய்ச்சல் எம் பேருக்குல்லா வந்திருக்கு. நீ ஏன் படுத்திருக்க, எந்திரி. நான் போயிப் படுக்கேன்.”

அம்மா போர்வைக்குள்ளே இருந்து சிரித்தாள். அந்த இரண்டு பேரும் சிரித்தால் நிறுத்தவே மாட்டார்கள்.

3

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பெருமைக்காகச் சொல்கிறேன் என்று வைத்துக்கொண்டாலும் சரி, பெருமையேதான். எட்டாம் வகுப்பிலேயே தெருவில் எல்லோருடைய மனுக்களையும் நான்தான் எழுதினேன். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், மின் இணைப்பு. என் கையெழுத்து அச்சுக் கோத்தது போல இருக்கும் என்று ஆசிரியைகள் சொல்வார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தேன். பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டணம் கட்டப் பணம் இல்லை.

அந்தக் கோடையில் கம்பெனிக் கணக்கப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷன். காப்பித் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார்.

“மாரித்தாயி, கார்டெல்லாம் புதுசா போடுறாக. இனிமே போட்டோ ஒட்டணும். உன் சொந்தப் பேருக்கு மாத்துறதுன்னா இப்பமே மாத்திக்கோ, நான் எழுதித் தாரேன். இத விட்டா பெறகு முடியாது. ஆனா ஒண்ணு, புது ஆளாத்தான் சேரணும். பழைய சர்வீசு எதுவும் கூட வராது.”

“அந்த பி.எப்.ல கொஞ்சம் எடுக்கலாம்னு இருந்தோமேண்ணே, புள்ள காலேசுக்கு.”

“பேர மாத்துனா அது கிடையாதுத்தா. பேச்சி வேலைய விட்டு நின்னதாத்தான் கணக்கு. அந்தத் துட்டு கைக்கு வர எம்புட்டு மாசம் ஆகுமோ.”

அவர் போனதும் அம்மா என் பக்கம் திரும்பினாள். “நீ படிச்சவ. என்ன செய்யட்டும், நீ சொல்லு.”

எனக்கு அப்போது பதினேழு வயது. நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பேரில் என்ன இருக்கிறது, பதின்மூன்று வருஷ சர்வீஸை யாராவது விடுவார்களா, கார்டு யார் பேரில் இருந்தால் என்ன, படம் உன் படம்தானே என்றெல்லாம் சொன்னேன். சட்டம் படித்தவள் மாதிரிச் சொன்னேன். காலேஜ் என்ற வார்த்தையை மட்டும் நான் சொல்லவில்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தானே உட்கார்ந்திருந்தது.

“அப்ப மாத்த வேண்டாம்” என்றாள் அம்மா.

சிவகாசியில் ஒரு ஸ்டுடியோவில் அம்மாவைப் படம் எடுத்தோம். பாரத்தைப் பூர்த்தி செய்தது நான். பசை தடவிப் படத்தை ஒட்டியது நான். அம்மாவின் முகத்துக்குக் கீழே, என் அச்சுக் கோத்த எழுத்தில், பேச்சியம்மாள், க/பெ. சுப்பையா என்று எழுதினேன். சுப்பையா என் பெரியப்பா. அம்மா கட்டைவிரலை மையில் தொட்டுப் பக்கத்தில் வைத்தாள்.

பி.எப். முன்பணம் பெரியம்மா பெயரில் பாங்கிக்கு வந்தது. பெரியம்மா போய் எடுத்து, மடியில் முடிந்துகொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். பஸ் காசுகூட அதில் எடுக்கவில்லை. “இந்தா உந் துட்டு. எம் பேரு கொஞ்சம் அழுக்காயிருச்சு, தொவச்சுத் தா” என்றாள். நான் கல்லூரியில் சேர்ந்தேன்.

4

மூன்றாம் வருஷம் படிக்கும்போது அம்மாவுக்குக் கால் வீங்கியது. பிறகு முகம். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்றார்கள்.

அந்த முதல் மாதங்களில் நாங்கள் கார்டை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறோம். கார்டு ஆஸ்பத்திரியிலிருந்து மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்கள். வாரம் இரண்டு முறை ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள், ஒரு பைசா கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் ஆடு மாட்டை விற்றுவிட்டு வந்திருந்தார்கள். எங்களுக்கு பஸ் செலவு மட்டும்தான். நர்ஸ், “பேச்சியம்மாள்” என்று கூப்பிட்டால் அம்மா கையை நீட்டுவாள். நான் கல்லூரி விடுதியிலிருந்து சனிக்கிழமை போய்ப் பார்ப்பேன். கார்டில் என் எழுத்து அப்படியே மங்காமல் இருந்தது. எவ்வளவு நல்ல யோசனை சொன்னோம் என்று அப்போதும் நினைத்தேன்.

ஒருநாள் டாக்டர் வெளியே அழைத்துப் பேசினார். இப்படியே ஓட்ட முடியாது, மாற்று சிறுநீரகம் வைத்தால் நல்லது, கூடப் பிறந்தவர்கள் யாராவது கொடுத்தால் கார்டிலேயே செய்துவிடலாம் என்றார்.

பெரியம்மா நின்ற இடத்திலேயே சொன்னாள். “நான் தாரேன். ரெண்டு இருக்குல்ல, அவளுக்கு ஒண்ணு.” ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பொருந்தியது. பெரியம்மா அன்றைக்கே இருக்கன்குடிக்குப் போய் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தாள். பூசாரி, யார் பேருக்கு என்று கேட்டாராம். “பேரெல்லாம் ஆத்தாளுக்குத் தெரியும் சாமி, நீங்க தீபத்தக் காட்டுங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் பாரம் எழுத எங்களைக் கூப்பிட்டார்கள். அறையில் பாரம் எழுதும் ஒரு பெண் அதிகாரி இருந்தார். பெரியம்மாவும் நானும் எதிரே உட்கார்ந்தோம்.

“குடுக்குறவங்க பேர் சொல்லுங்க.”

“பேச்சியம்மாள்.”

“நோயாளி பேரக் கேக்கலம்மா. குடுக்குறது யாரு?”

“நாந்தான். பேச்சியம்மாள்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “அப்ப உள்ள படுத்திருக்கிறது?”

பெரியம்மா என்னைப் பார்த்தாள். நான் பாரத்தைப் பார்த்தேன். “அவளும் பேச்சியம்மாதான்” என்றாள் பெரியம்மா. “எங்க வீட்ல ரெண்டு பொட்டப்புள்ளைக்கும் குலசாமி பேரு வச்சுட்டாக.”

“சரி, ரேஷன் கார்டு குடுங்க. உங்க வீட்டுக்காரர் பேரு சுப்பையாவா?” அவர் நோயாளியின் காகிதத்தைப் பார்த்தார். பெரியம்மாவின் ரேஷன் கார்டைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். “ரெண்டு பேருக்கும் புருஷன் பேரும் ஒண்ணா?”

எதற்கும் பதில் வைத்திருக்கும் பெரியம்மா ரேஷன் கார்டைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்த அதிகாரி பேனாவை மூடி வைத்தார். குரலைத் தாழ்த்தினார். “நான் இன்னும் எதுவும் எழுதல. எழுதிட்டா விசாரணைக்கு வருவாங்க. நீங்க வெளிய போய் யோசிச்சிட்டு வாங்க. பாப்பா, நீ படிக்கிற பிள்ளைதானே? எடுத்துச் சொல்லு.”

படிக்கிற பிள்ளை நடைபாதையில் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பேச்சியம்மாள் தன் சிறுநீரகத்தைத் தனக்கே தானம் கொடுக்க முடியாது. அதற்கான பாரத்தை நான் மூன்று வருஷத்துக்கு முன்பே எழுதி முடித்திருந்தேன்.

5

கணக்கப்பிள்ளையிடம் அய்யா போனார். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“குருசாமி, உண்மையச் சொல்றதுன்னா சொல்லு, நான் தடுக்கல. என் வேல போகும், அது கெடக்கு. ஆனா இரவல் பேருல இருக்கிற பொம்பளைக இருபது பேரு இருக்காக. விசாரணைன்னு வந்தா எல்லாரையும் எந்திரிச்சு நிக்கச் சொல்லுவாக. அதையும் யோசிச்சுக்கோ.”

அய்யா வந்து அம்மாவிடம் சொன்னார். அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

“இருபது பேரு வயித்துல அடிச்சிட்டு எனக்கு ஒரு கிட்னி வேணுமா? எம் பேருலயே ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அக்கா குடுக்கட்டும், நான் வாங்கிக்கிடுதேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “இங்கன எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அக்கா செத்துட்டான்னுல்லா எழுதுவாக. அவ உசுரோட இருக்கைல.”

கார்டு ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்தோம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மாரித்தாய் என்று புதிதாகச் சீட்டு எழுதினோம். எல்லாச் சோதனைகளும் முதலிலிருந்து. பழைய காகிதங்களைக் காட்ட முடியாது, அவை வேறு ஒருத்தியுடையவை. மாற்று சிகிச்சைக்கு முன்பணம் கட்ட வீட்டை விற்றோம். அய்யா மூட்டை தூக்கும் கிட்டங்கியின் முதலாளியே வாங்கிக்கொண்டார். வத்தல் அடுக்க இடம் தேவையாக இருந்தது. அம்மாவின் காதில் மூக்கில் கிடந்தது போயிற்று, பெரியம்மாவுடையதும் போயிற்று.

ரத்தம் சுத்தம் செய்ய ஒவ்வொரு தடவையும் பணம் கட்ட வேண்டும். வாரம் இரண்டு முறை என்பது ஐந்து நாளுக்கு ஒரு முறை ஆயிற்று. பிறகு வாரம் ஒரு முறை. அம்மாதான் தள்ளிப்போட்டாள். “இன்னைக்கு நல்லாத்தான் இருக்கு, நாளைக்குப் பாப்பம்” என்பாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வாள். அக்காவும் தங்கையும் கூடப் பிறந்தவர்கள்தான் என்பதற்குச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீசுக்கு ஏழு தடவை நடந்தேன். மனுவை நான்தான் எழுதினேன். எட்டாவது தடவை போனபோது சான்றிதழ் கிடைத்தது. அம்மா அதற்கு நான்கு நாள் முன்பு இறந்திருந்தாள்.

புரட்டாசி மாதம். தீபாவளி ஆர்டர் உச்சத்தில் இருக்கும் நேரம், கம்பெனியில் யாருக்கும் லீவு கிடையாது. சாயங்காலம் வேன் எங்கள் தெருவில் நின்றது. பெண்கள் குளிக்காமல் கொள்ளாமல் அப்படியே இறங்கி வந்தார்கள், நகக்கண்ணெல்லாம் பட்டாசின் வெள்ளி மருந்து. “பேச்சி, ஏ பேச்சி” என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். பெரியம்மா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருத்தியாக வந்து அந்தப் பெயரைச் சொல்லி அழ அழ, அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இறப்புச் சான்றிதழில் மாரித்தாய் என்று இருந்தது. எழுத்துப் பிழை இல்லை. நான் இரண்டு முறை பார்த்தேன்.

6

அடுத்த வருஷம் இந்த வேலை கிடைத்தது. சேர்ந்த அன்று கொடுத்த பாரங்களில், காப்பீட்டுக்குப் பெற்றோர் பெயர் எழுதச் சொல்லி ஒன்று இருந்தது. அத்தாட்சி எதுவும் கேட்கவில்லை. தந்தை பெயரை எழுதினேன். அடுத்த வரியில் கோடு போட்டிருக்க வேண்டும். நான் அம்மா பெயரை எழுதினேன்.

ஏன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். இரண்டு வாரத்தில் அட்டை வந்தது, மழமழவென்று, அம்மாவின் பெயர் மேடாக எழும்பிய எழுத்துகளில். அவளுக்கு உயிரோடு இருந்தபோது கிடைக்காதது. விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தேன். மாதாமாதம் சம்பளத்தில் அவளுக்காகக் கொஞ்சம் பிடித்தார்கள். அந்தப் பிடித்தம் எனக்குப் பிடித்திருந்தது. எந்த ஆஸ்பத்திரியிலும் அதைக் காட்டவேண்டும் என்று நான் நினைத்ததில்லை. முருகேசனிடம் மட்டும் ஒருமுறை பேச்சோடு சொல்லியிருந்தேன்.

முருகேசன் கேட்டபோது மறுநாள் சொல்வதாகச் சொன்னேன். மறுநாள் அலுவலகத்தில் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. அய்யாவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொல்லவில்லை. அவர் வழக்கம்போலத் தைக்கு எத்தனை வாரம் என்றார். ஐந்து என்றேன்.

அன்று இரவே அட்டையின் எண்ணை முருகேசனுக்கு அனுப்பிவிட்டேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். எழுதுகிறேன், ஏனென்றால் அனுப்பினேன்.

வியாழக்கிழமை காலை இங்கே இன்னும் விடியவில்லை. போன் அடித்தது.

“அக்கா, அம்மா எந்திரிக்க மாட்டேங்குது.” முருகேசன்தான்.

“என்னடா ஆச்சு? மயக்கமா?”

“அதெல்லாம் இல்ல. சீட்டுப் போட்டாச்சு. மாரித்தாய், மாரித்தாய்னு ரெண்டு தடவ கூப்பிட்டுட்டாக. உக்காந்த எடத்த விட்டு அசைய மாட்டேங்குது. நீயே பேசு.”

பெரியம்மாவின் மூச்சு முதலில் வந்தது. அறுக்கிற சத்தம் மாதிரி.

“பெரியம்மா, எந்திரிச்சுப் போங்க. நான்தான் அனுப்புனேன். ஒண்ணும் ஆகாது.”

“ஏத்தா செல்வி.”

“சொல்லுங்க.”

“அவ பேரக் கூப்பிட்டாகல்ல. நான் வாசலப் பாத்தேன்த்தா.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “வந்துருவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். பெறகுதான் இந்தப் பய தோளத் தட்டுதான், ஒன்னத்தாம்மான்னு.”

நான் எழுந்து விளக்கைப் போட்டேன்.

“எம் பேர அவ எடுத்துக்கிட்டா, சரி. நான் குடுத்தது. அவ பேரு அவளுக்கு எம்புட்டுச் செலவு பண்ணிக் கெடச்சது? வீட்ட வித்துல்லா வாங்குனீக. அத நான் எடுத்துக்கிட்டா அவ என்னத்தக் கொண்டுட்டுப் போனா? வேண்டாம்த்தா. ஏலே முருகேசா, போன வச்சுட்டு பஸ்ஸுக்குப் போவோம், வா.”

“பெரியம்மா, பஸ்ஸுக்குப் போகாதீங்க. அங்கனயே உக்காருங்க” என்றேன். “அந்தச் சீட்ட கிழிச்சுப் போடச் சொல்லுங்க. உங்க பேருல போடச் சொல்லுங்க. நான் பணம் அனுப்புதேன்.”

“எந்தப் பணம்?”

“இருக்கு பெரியம்மா” என்றேன். அவளுக்குத் தெரிந்திருக்கும். “குருசாமிக்கு என்ன சொல்லுவ?” என்றாள்.

7

அய்யாவிடம் சொன்னேன். “சரி” என்றார். “பேச்சிக்கு நல்லானாச் சரி.” வத்தல் காரத்தில் இருமிவிட்டு, போனை வைத்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தை பற்றி அவர் கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை நிறுவனத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து அம்மா பெயருக்கு எதிரே ‘நீக்கு’ என்பதை அழுத்தினேன். காரணம் கேட்டது. மரணம் என்று தேர்ந்தெடுத்தேன். தேதி கேட்டது. கொடுத்தேன். சிவப்பு எழுத்தில் பிழை என்று வந்தது. நான் வேலையில் சேர்ந்த நாளுக்குப் பிந்தைய தேதியாக இருக்க வேண்டுமாம். இன்னொரு தேதி கொடுத்தால் ஏற்றுக்கொண்டிருக்கும், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். மூன்று முறை சரியான தேதியையே கொடுத்தேன். மூன்று முறையும் மறுத்தது. கடைசியில் சென்னை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் தாயார் நான் பணியில் சேர்வதற்கு ஒன்பது மாதம் முன்பே இறந்துவிட்டார், தெரிந்தே அவர் பெயரை எழுதினேன், இந்த வாரம் அந்த அட்டையைப் பயன்படுத்த முயன்றதும் உண்டு என்று.

ஒரு பெண் போனில் பேசினாள். “மேடம், இதுவரைக்கும் க்ளெய்ம் எதுவும் இல்லையே, நீங்களா ஏன் இதைச் சொல்றீங்க?” என்று உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டாள். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று என் கோப்பில் ஏறியிருக்கிறது. மார்ச்சில் என்னைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளக்கூடும் என்று மேலதிகாரி சொன்னார். இருக்கலாம்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு பெரியம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது. “பேச்சியம்மாள்” என்று கூப்பிட்டதும், யாரும் தொடாமல் தானே எழுந்து போனாளாம். போகும்போது முருகேசனிடம், “பாத்தியா, அழுக்கானாலும் எம் பேரு எனக்கு அளவாத்தான் இருக்கு” என்றாளாம். உயிரோடு இருக்கிறாள். மாதம் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும், மாத்திரை ஆயுளுக்கும். அதற்கும் பணம் வேண்டும், அதற்கு எந்தக் கார்டும் இல்லை.

டிசம்பர் முப்பத்தொன்று இரவு இந்த ஊரே தெருவில் இறங்கி வெடி போட்டது. வருஷத்தில் அந்த ஓர் இரவுதான் அவர்களுக்கு அனுமதி. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே தெருவில் குடியிருக்கும் மார்லீன் தன் மகனோடு வந்து கதவைத் தட்டி, “நீ பட்டாசு பார்த்திருக்கிறாயா, பயப்படாதே, கீழே வா” என்று கூப்பிட்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டேன். காலையில் தெரு முழுக்கச் சிவப்புக் காகிதத் துகள்.

தை பிறந்தது. வீட்டை வியாபாரி வேறு ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அவரும் காத்திருக்க முடியாதல்லவா. புதிதாக வாங்கியவர் இடித்துவிட்டுக் கடை கட்டப்போகிறார் என்று முருகேசன் சொன்னான். அய்யா கேள்விப்பட்டுவிட்டாரா என்று நான் கேட்கவில்லை.

நேற்று ஜனவரிச் சம்பளச் சீட்டு வந்தது. ஒவ்வொரு வரியாகப் படிப்பது என் பழக்கம். தாய் என்று ஒரு பிடித்தம் இருந்த வரி இல்லை. இந்த மாதம் எனக்குச் சம்பளம் கொஞ்சம் கூடுதலாக வந்திருக்கிறது.